நாகசாகிக்குப் போன தூத்துக்குடி உப்பு

டிசம்பர் விடுமுறையின் முதல் புதன்கிழமை, விடிவதற்கு முன்பே ஷார்ஜா முவைலாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து துபாய் விமான நிலையத்துக்கு டாக்சி பிடித்தோம். எண்பத்தைந்து திர்ஹம். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். எங்கள் மூன்று பெட்டிகளையும் ஏற்றிவிட்டு, "கஹாங் பாய்?" என்றார்.

"ஜப்பான்" என்றார் என் கணவர் மிக்கேல்.

"டூட்டி?"

டூட்டி இல்லை, நேர்ச்சை என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று மிக்கேல் திணறினார். "மன்னத்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன். நான் நர்ஸ். நோயாளிகளின் உறவினர்கள் தினமும் என்னிடம் சொல்லும் சொல் அது. ஓட்டுநருக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. "அச்சா, மன்னத்! அப்படியென்றால் சீக்கிரம் நிறைவேற்றிவிடுங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, வேகத்தடையில்கூட மெதுவாக்காமல் போனார்.

நேர்ச்சை பதினைந்து வருடம் பழையது. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மிக்கேல் ஒரு சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தார். நடுக்கடலில் குடல்வால் வெடித்து, பக்கத்தில் இருந்த நாகசாகித் துறைமுகத்தில் இறக்கி அறுவை செய்தார்கள். படுத்த இடத்தில் இருந்த ஜன்னல் வழியாக எதிர்ச்சரிவில் ஒரு தேவாலயத்தின் கூர்முனை தெரிந்திருக்கிறது. 'மாதாவே, எழுந்து நடந்தால் குடும்பத்தோடு வந்து உன் கோயிலில் உப்பும் மிளகும் போடுகிறேன்' என்று வேண்டிக்கொண்டார். எழுந்து நடந்த அன்றே கப்பல் ஏஜென்ட் காரில் ஏற்றி நேராக விமான நிலையத்தில் விட்டுவிட்டார். ஊரில் அவர் பார்த்தது அந்த ஜன்னல் அளவு மட்டும்தான்.

உப்பு, மிளகு என்றால் தூத்துக்குடிக் கடற்கரைக்கு வெளியே இருப்பவர்கள் முழிப்பார்கள். எங்கள் பக்கத்துக் கோயில்களில் நோய் நீங்கினால் ஒரு கை கல் உப்பும் மிளகும் சிலுவையடியில் போடுவோம். மழையில் உப்பு கரைவதுபோல நோயும் கரைந்தது என்று கணக்கு. மிக்கேல் கப்பலை விட்டு, சவூதியில் யான்பு தொழிலாளர் கேம்ப்பில் நான்கு வருடம் இருந்தார். பிறகு ஷார்ஜாவில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்துக்கு வந்தார். நேர்ச்சை மட்டும் அப்படியே நின்றது. இந்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், 'கலாஸ்'. முடிந்தது என்பதற்கு வளைகுடாவில் எல்லோரும் சொல்லும் அரபுச் சொல். சாப்பாடு முடிந்தால் கலாஸ், சண்டை முடிந்தால் கலாஸ், லீவு முடிந்தால் பெருமூச்சோடு கலாஸ். அந்த நேர்ச்சையைப் பற்றி மட்டும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வயிற்றில் லேசாகப் பிடித்தால்கூட, "நாகசாகி பாக்கி இருக்குல்லா" என்பார்.

கிளம்புமுன் ரோலா கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடையில் கல் உப்பு வாங்கினோம். பாக்கெட்டில் தூத்துக்குடி என்று அச்சடித்திருந்தால்தான் வாங்குவேன் என்று மூன்று கடை ஏறி இறங்கினார். மிளகை அதிலேயே கலந்து, இரண்டு கவர் போட்டுக் கட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டார்.

டோக்கியோ ஹனேதா விமான நிலையத்தில் இறங்கும்போது புதன் இரவு பத்தரை. சுங்க அதிகாரி அந்தக் கவரைத் தூக்கிப் பார்த்தார். குலுக்கினார். மோந்தார். தும்மினார். "சால்ட், பெப்பர், ஃபார் மதர்" என்றார் மிக்கேல். எங்கள் மகள் ஷெரினுக்குப் பதினோரு வயது. அவள் எங்களைத் தெரியாதவள்போல இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். அதிகாரி கவரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துக் குனிந்து வணங்கினார். அம்மாவுக்குச் சமையல் சாமான் கொண்டுபோகும் மகன் என்று நினைத்திருப்பார்.

வியாழன் காலை உள்நாட்டு விமானம், இரண்டு மணி நேரம். நாகசாகி விமான நிலையம் ஒரு தீவின்மேல் இருக்கிறது. அங்கிருந்து ஊர் நாற்பது கிலோமீட்டர். பஸ் கட்டணம் ஆளுக்கு 1200 யென், நம் கணக்கில் ஏறக்குறைய முப்பது திர்ஹம். சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து ஓடிய பஸ், கடைசிச் சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் வாயைப் பிளந்தேன். துறைமுகம் என்றால் எனக்கு மட்டமான தரை, கிரேன், வெயில். இங்கே கடல் நாக்குபோல நீண்டு மலைகளுக்கு நடுவே நுழைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சரிவு முழுக்க வீடுகள். மேல் வீட்டுக்காரர் கால் நீட்டினால் கீழ் வீட்டுக் கூரையில் படும் என்று தோன்றியது. நான் வீடுகளைப் பார்த்தேன், மிக்கேல் அக்கரையில் கப்பல் கட்டும் தளத்தில் நின்ற ராட்சதக் கிரேனைப் பார்த்தார். நூறு வருடத்துக்கு மேல் பழையதாம். "இந்த உப்புக் காத்துல எப்படி வச்சிருக்கான் பாரு" என்று பெயின்ட்டை மெச்சிக்கொண்டே வந்தார்.

மதியம் தெஜிமா பார்க்கப் போனோம். டிராமில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 140 யென். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் ஓட்டுநரிடம் இருக்கும் பெட்டியில் சில்லறையைப் போட வேண்டும். தெஜிமா, கடலுக்குள் மண் கொட்டி விசிறி வடிவில் உண்டாக்கிய ஒரு குட்டித் தீவு. வெளிநாட்டார் யாரும் உள்ளே வரக்கூடாது என்று ஜப்பான் கதவைச் சாத்திய காலத்தில், டச்சு வியாபாரிகளை மட்டும் இந்தத் தீவுக்குள் வைத்திருந்தார்கள். ஊருக்குள் போக ஒரே பாலம், அதில் காவல். அனுமதி இல்லாமல் வெளியே வர முடியாது. மனைவியைக் கூட்டிவரவும் கூடாது. இப்போது சுற்றிலும் கடலைத் தூர்த்துவிட்டதால் தீவு நகரத்துக்கு நடுவே கிடக்கிறது. பழைய வீடுகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் 520 யென்.

ஒரு வீட்டில் பாய் விரித்த தரையின்மேல் நாற்காலி, மேசை, கட்டில். மிக்கேல் அதை வெகு நேரம் பார்த்தார். "கேட்ல செக்யூரிட்டி, ஃபேமிலி விசா கிடையாது, வருசக் கணக்கா இதுக்குள்ளேயே டூட்டி. எங்க யான்பு கேம்ப்தான் இது. எங்களுக்கு ஏசி இருந்துச்சு, அவனுக்குக் கடல் காத்து."

"அவங்க பணக்காரங்கப்பா" என்றாள் ஷெரின்.

"இருந்தா என்ன? சாயங்காலம் ஆனா அவனும் பாலத்தத்தான பாத்துக்கிட்டு இருந்திருப்பான்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

வெள்ளிக்கிழமைதான் கோயில். நாளைத் தேர்ந்தெடுத்தது மிக்கேல். ஷார்ஜாவில் எங்களுக்குத் தமிழ்ப் பூசை வெள்ளிக்கிழமை. அவருக்கு மாதா கோயில் என்றால் வெள்ளி, வெள்ளி என்றால் இஸ்திரி போட்ட சட்டை. எட்டு டிகிரிக் குளிரில் நான் பட்டுப்புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நாகசாகி முழுக்க வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. டிராமில் எங்களைத் தவிர ஒருவர்கூடத் திருவிழாவில் இல்லை.

ஓவுரா நிறுத்தத்தில் இறங்கி, கேக் கடைகள் வரிசையாக இருக்கும் மேட்டில் ஐந்து நிமிடம் ஏற வேண்டும். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன கஸ்தெல்லா கேக்கைத் துண்டு துண்டாகச் சுவைக்கக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்க் கடற்கரைக்கும் அதே போர்ச்சுக்கீசியர்தான் வந்தார்கள். எங்களுக்கு மக்ரூன், இவர்களுக்குக் கஸ்தெல்லா. எது மேல் என்று நான் நான்கு கடைகளில் ஆராய்ச்சி செய்தேன். மிக்கேல் ஒன்றும் சாப்பிடவில்லை. நிமிர்ந்து கூர்முனையையே பார்த்துக்கொண்டு நடந்தார். "அதேதான். அதேதான், ஜெனி" என்றார். அவர் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் நிறைந்தது.

கோயில் வாசலில் டிக்கெட் கவுன்டர். பெரியவர்களுக்கு 1000 யென், ஷெரினுக்கு 300. மாதாவைப் பார்க்க டிக்கெட்டா என்று மிக்கேல் முகம் கொஞ்சம் சுண்டியது. இது தேசியச் சொத்தாகப் பாதுகாக்கப்படும் பழைய கோயில், வழக்கமான பூசை கீழே இருக்கும் புதுக் கோயிலில் என்று விளக்கினார்கள். கிறிஸ்தவத்துக்குத் தடை இருந்த காலத்தில் இருநூறு வருடத்துக்கும் மேல் குருவானவரே இல்லாமல், வீட்டுக்குள் சிலைகளை ஒளித்து வைத்து ஜெபம் சொன்ன ஜனங்கள், இந்தக் கோயில் எழும்பியதும் தேடி வந்து தாங்கள் யார் என்று சொன்னார்களாம். அவர்கள் வைத்திருந்த சிலைகள் அருகே உள்ள காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. பார்க்கப் புத்தர் கோயில் சிலைபோல இருக்கும், மடியில் குழந்தை இருக்கும். கும்பிட்டவர்களுக்கு அது மாதா.

படிகளின் உச்சியில், கோயில் கதவுக்கு முன்னால் வெள்ளை மாதா நின்றாள். மிக்கேல் செருப்பைக் கழற்றினார். உறை பனிபோல இருந்த கல்லில் வெறுங்காலோடு போய், கவரைப் பிரித்து, ஒரு கை உப்பை அள்ளினார்.

ஓர் அம்மாள் ஓடி வந்தார். கோயில் பணியாளர், என் வயது இருக்கும். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்டினார். மிக்கேல் பக்தியோடு பதிலுக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். "அப்பா, அது 'நோ'ன்னு அர்த்தம்!" என்று ஷெரின் கத்தினாள்.

கைப்பேசி மொழிபெயர்ப்பு வழியாக நான் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், குடல்வால், ஜன்னல், உப்பு. அந்த அம்மாள் முழுவதையும் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் பேசியது திரையில் தமிழில் வந்தது. 'மிகவும் வருந்துகிறேன். உப்பு கல்லுக்குள் இறங்கி அதை உடைக்கும். இவளை நாங்கள் இன்னும் பல காலம் வைத்திருக்க வேண்டும்.'

மிக்கேல் சண்டை போடுவார் என்று பயந்தேன். நாலு பேர் பார்க்கப் படியில் உட்கார்ந்து, போட்டால்தான் எழுந்திருப்பேன் என்று சொல்லக்கூடிய ஆள். ஆனால் அவர் சிலையின் பீடத்தைக் குனிந்து பார்த்தார். கையில் இருந்த உப்பைப் பார்த்தார். ஒரு பரல்கூடச் சிந்தாமல் திரும்பக் கவருக்குள் கொட்டினார்.

"அவங்க சொல்றது சரிதான். என் வேலையே அதான. தெனமும் கப்பல்ல உப்பு தின்ன எடத்தச் சொரண்டிக்கிட்டுத்தான இருக்கேன்? நானே வந்து இங்க போடவா?"

நியாயமாகத்தான் பேசினார். ஆனால் செருப்பை மாட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பதினைந்து வருடம், ஒன்பதரை மணி நேர விமானம், கடைசியில் மூன்றடி தூரத்தில் நின்றுவிட்டது.

மேட்டிலிருந்து இறங்கி ஒரு சந்தில் திரும்பினோம். பசி. வாசலில் நீலத் திரை தொங்கிய சின்னச் சாப்பாட்டுக் கடை. உள்ளே நுழையப்போன மிக்கேல் சட்டென்று நின்றார். கதவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னத் தட்டு. தட்டில் கோபுரமாகக் குவித்த வெள்ளை உப்பு.

"ஜெனி, இவங்களும் போடுதாங்க!"

கடைக்கார அம்மாளிடம் மறுபடியும் கைப்பேசியை நீட்டினேன். கெட்டது உள்ளே வராமல் இருக்க, நல்லது வர, வாசலில் உப்பு வைப்பது இங்கே பழைய வழக்கம், கோயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். மிக்கேலுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கவரை நீட்டி, "ப்ளீஸ்" என்றார்.

அந்த அம்மாள் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, ஒரு தட்டை எடுத்து அதில் இருந்த உப்பைக் கொட்டினார். எங்கள் உப்பை அச்சில் அழுத்திக் கவிழ்த்தார். கல் உப்பு நிற்குமா? சரிந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி சரிந்தது. மூன்றாம் முறை அவரும் சிரித்து, நாங்களும் சிரித்து, கடையில் இருந்தவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். கடைசியில் மிக்கேலே ஒரு கை அள்ளித் தட்டில் போட்டார். கறுப்பு மிளகு புள்ளி வைத்த உப்பை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். கவரில் மீதி இருந்ததைக் கடைக்கார அம்மாள் ஒரு கிண்ணத்தில் கொட்டி, மிளகைப் பொறுக்கி இடித்து எங்கள் சம்போன் கிண்ணத்தில் தூவினார். கணவாய், இறால், பன்றிக்கறி, முட்டைக்கோஸ் எல்லாம் போட்ட நூடுல்ஸ். கிண்ணம் 1200 யென். மிளகு விழுந்ததும் அது எங்கள் ஊர்க் குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கை ஆகிவிட்டது.

ஆனால் நேர்ச்சை முடிந்ததா இல்லையா? கேட்கவும் பயம். இல்லை என்றால் வயிறு வலிக்கும்போதெல்லாம் மறுபடி நாகசாகி கிளம்பும்.

சனிக்கிழமை மதியம் பஸ். காலையில் பெட்டி கட்டும்போதே, "அந்தத் தட்ட ஒருதரம் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். போனோம். தட்டில் எங்கள் உப்பு இல்லை. புதிதாக வெள்ளைக் கோபுரம் நின்றது. மிக்கேல் அப்படியே நின்றுவிட்டார். கடைக்கார அம்மாள் வெளியே வந்து, வாசலோரம் ஓடும் சாக்கடையைக் காட்டி, ஒரு கிண்ணத்தைச் சாய்ப்பதுபோலச் செய்தார். பிறகு சரிவு இறங்கும் திசையில், துறைமுகத்தைக் காட்டினார். தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டார். அது எங்கே போய்ச் சேரும் என்று சந்தின் முடிவில் தெரிந்தது, கடல்.

மிக்கேல் திரும்பி மேலே பார்த்தார். கூரைகளுக்கு மேல் கோயிலின் கூர்முனை, விரல் அளவு தெரிந்தது.

"ஆஸ்பத்திரி ஜன்னல்ல இருந்து பாக்கும்போதும் இத்தனூண்டுதான் தெரிஞ்சுது" என்றார். "அன்னைக்கு நான் கும்பிட்டதும் இவ்வளவு தூரத்துல இருந்துதான். அவளுக்குக் கேட்டுதுல்லா?"

ஷெரின் அவர் கோட்டை இழுத்து, "ஸோ, முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டாள்.

அவர் காலியான கவரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கலாஸ்" என்றார்.