ஏழு மணி நோயாளி

அந்த வருடம் எனக்கு வராத வியாதி இல்லை. திங்கட்கிழமை நெஞ்சுவலி, செவ்வாய்க்கிழமை சர்க்கரைப் புண், புதன்கிழமை இடுப்பெலும்பு முறிவு. வியாழக்கிழமை நான் எண்பது வயது விதவை. என் வீட்டு மாடிப்படியில் தடுக்கி விழுந்திருந்தேன். எங்கள் வீட்டில் மாடிப்படி கிடையாது. எல்லா வியாதியும் காலை ஏழு மணிக்குத் தொடங்கும், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் குணமாகிவிடும். குணப்படுத்தியவள் என் மனைவி.

அவள் ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் பதினொரு வருடமாக நர்ஸ். நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனையாளன். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே இருப்பவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டுவதும், அவர்கள் எழுந்து போனதும் மடித்து வைப்பதும் என் தொழில். அவள் நின்றுகொண்டே சம்பாதிக்கிறவள், நான் உட்கார்ந்துகொண்டே சம்பாதிக்கிறவன். யாருக்குக் கால் அதிகமாக வலிக்கிறது என்ற விவாதத்தில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

வெளிநாட்டுப் பேச்சு அவளுடைய வார்டிலிருந்துதான் வீட்டுக்கு வந்தது. அங்கே ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அயர்லாந்து போனாள். இன்னொருத்தி ஜெர்மனிக்காக மொழி படித்து, வார்டில் ஊசி போடும்போதும் அந்த மொழியிலேயே எண்ணிக்கொண்டிருந்தாளாம். என் மனைவிக்கு இங்கிலாந்தின் வடக்கே கடலோரமாக ஒரு சின்ன ஊர் மருத்துவமனை கிடைத்தது. நேர்காணல் வீடியோவில் முடிந்தது. மேலே நல்ல புடவை, கீழே நைட்டி, ஃபேன் நிறுத்தம், நான் சமையலறையில் மூச்சைப் பிடித்தபடி. ‘உங்களை எடுத்துக்கொள்கிறோம்’ என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். அந்த ஊரின் பெயரை எங்கள் தெருவில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே அது லண்டன் ஆயிற்று.

போவதற்கு வழி என்ன என்று இப்போதும் கடையில் யாராவது கேட்டால் நான் விவரமாகச் சொல்வேன். எனக்கு விவரம் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். படித்த கல்லூரி, நம் மாநிலத்து நர்சிங் கவுன்சில், வேலை பார்க்கும் மருத்துவமனை, இந்த மூன்று இடத்திலிருந்தும் கடிதம் போக வேண்டும். மூன்றும் சொல்ல வேண்டியது ஒன்றேதான்: இவள் நர்ஸ்தான். ஊரே பதினொரு வருடமாக ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவது சாட்சியில் சேராது. பிறகு கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு. பிறகு நெஞ்சு எக்ஸ்ரே, விசா. அங்கே போய் இறங்கிய பிறகும் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. அதில் பொம்மை நோயாளிக்கு முன்னால் கை கழுவிக் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் நடுவில், பாதையை அடைத்துக்கொண்டு, ஆங்கிலத் தேர்வு நின்றது.

கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று அதில் நான்கு பிரிவு. காசு கட்டி ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து, முதல் மூன்றை அவளே பார்த்துக்கொண்டாள். பேச்சுக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது. ஒரு சீட்டு தருவார்கள். எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். நர்ஸ் அவரோடு ஐந்து நிமிடம் பேசி, சீட்டில் சொன்னதைச் செய்ய வைக்க வேண்டும். நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. பதிவைக் கேட்டு வேறு யாரோ போடுவார்கள். வீட்டில் பழக ஒரு நோயாளி வேண்டும் என்றதும் நான் உடனே படுத்துவிட்டேன். உட்கார்ந்து செய்யும் தொழிலிலிருந்து படுத்துச் செய்யும் தொழிலுக்குக் கிடைத்த பதவி உயர்வு.

என் ஆங்கிலம் கடை ஆங்கிலம். ‘ப்யூர் சில்க் மேடம், டச் பண்ணிப் பாருங்க மேடம்’ வரைக்கும் தடையில்லாமல் ஓடும். அதை வைத்துக்கொண்டு நான் நல்ல நோயாளியாக இருந்தேன். ரொம்ப நல்ல நோயாளியாக இருந்தேன். அதுதான் பிறகு வினையாயிற்று.

“சிகரெட்டை விடணும், சார்” என்று அவள் ஆங்கிலத்தில் சொல்வாள்.

“ஓகே சிஸ்டர்.”

“மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடணும்.”

“ஷ்யூர் சிஸ்டர். தேங்க்யூ சிஸ்டர்.”

நாற்பது விநாடியில் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கு நான் முனகுவேன். முனகல் சீட்டில் இல்லை. அது என் சொந்தச் சரக்கு. இவ்வளவு சீக்கிரம் ஒரு நோயாளியை வழிக்குக் கொண்டுவருகிறாளே என்று இரண்டு பேருக்கும் பெருமை. எங்கள் ஊர் வார்டில் நோயாளி என்றால் அப்படித்தான். சிஸ்டர் சொன்னால் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் இஷ்டப்படி செய்வார்கள். கடையிலும் நான் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகியவனில்லை. வீட்டிலோ, கேட்கவே வேண்டாம்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டு அக்கா தறி நெய்கிறவர். ஒருநாள் நான் செருப்பை மாட்டும்போது வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாபா, காலைல நெஞ்சுவலினு கத்திக்கினு இருந்தே, இப்ப வேலைக்குக் கெளம்பிட்டே?”

“அது சும்மாக்கா. இங்கிலீஷ் பழகிக்கினு இருக்கோம்.”

“முந்தாநாள் உன் காலை எடுக்கணும்னு பேசிக்கிட்டீங்களே?”

“அதுவும் இங்கிலீஷ்தான்.”

“இன்னா இங்கிலீஷோ போ. கால் இருக்குது இல்ல? அது போதும்.” சொல்லிவிட்டு உள்ளே போனார். மறுநாள் எனக்காகக் காமாட்சி கோயிலில் அர்ச்சனை செய்து குங்குமம் கொண்டுவந்து கொடுத்தார்.

குங்குமம் என் உடம்புக்கு வேலை செய்தது, தேர்வுக்குச் செய்யவில்லை. முதல் முறை அவள் பேச்சில் தோற்றுவிட்டாள். மற்ற மூன்றும் தேறியிருந்தன. அன்று நோயாளியாக வந்தவர் அறுவை சிகிச்சைக்கு மாட்டேன் என்றிருக்கிறார். மாட்டேன் என்று சொல்லும் நோயாளியை அவள் வீட்டில் பார்த்ததே இல்லை.

“‘பயப்படாதீங்க, டாக்டருக்குத் தெரியும்’னேன். அந்தாளு மறுபடியும் வேணாங்கிறான். நானும் மறுபடியும் ‘டாக்டருக்குத் தெரியும்’னேன். நாலு வாட்டி சொல்லியிருப்பேன்.”

“அப்பால?”

“அப்பால மணி அடிச்சுட்டான்.” சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “எல்லாம் உன்னாலதாம்பா. வாயைத் தொறந்தா ஓகே சிஸ்டர், தேங்க்யூ சிஸ்டர். ஊர்ல எவனாவது இப்படி வியாதிக்காரன் இருக்கானா?”

இங்கிலாந்து மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். ஆகஸ்டு நடுவுக்குள் தேர்வு முடிவு வராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கணக்கில் ஆடி முடிவதற்குள். இன்னும் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அவள் அந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் படிக்காமல் படித்தேன்.

ஆடி மாதம் எங்கள் கடையில் ஈ ஓட்டும் மாதம். தள்ளுபடிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் எங்களையே விற்றுக்கொள்ளப் பார்ப்போம். அப்படி ஒருநாள் வாலாஜாபாத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஆவணியில் சின்ன மகளுக்குக் கல்யாணம். நான் விரித்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி விரித்தேன்.

“இது வேணாம்பா.”

“இது பாருங்கம்மா, கோர்வை. பார்டரைத் தனியா நெய்ஞ்சு உடம்போட சேர்த்தது.”

“வேணாம்.”

“இது கெட்டி ஜரிகை. இந்த மயில் டிசைன் வேற எங்கயும்...”

“ஊட்டாண்ட வந்து குடுத்தாலும் வேணாம்பா அது.”

மெத்தையில் முழங்கால் உயரத்துக்குப் புடவை. அரக்கு, குங்குமம், மாதுளை, எல்லாம் முகூர்த்தச் சிவப்பு வகை. இந்தக் கட்டத்தில் புது ஆட்கள் இன்னும் பத்து எடுத்துப் போடுவார்கள். என் போன்ற பழைய பெருச்சாளிகள் மடிக்கத் தொடங்குவோம். பேசாமல், அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக மடிக்க வேண்டும். எதிரே காலி இடம் தெரியத் தெரிய வாடிக்கையாளர் வாயைத் திறப்பார். நான்கு புடவை மடித்த பிறகு கேட்டேன்: “அம்மா, உங்களுக்கு மனசுல இன்னாமோ ஒண்ணு இருக்குது. அது இன்னான்னு சொல்லுங்க, அப்பால பொடவையப் பாக்கலாம்.”

அவர் கொஞ்ச நேரம் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூத்தவளுக்குச் செவப்புதான்பா எடுத்தேன். வேற கடை. மேடைல வேர்வை பட்டு சாயம் எறங்கிடுச்சு. தாலி கட்ற ஃபோட்டோவுல கழுத்தெல்லாம் செவசெவனு, அடிச்சுக் கூட்டியாந்தாப்ல இருக்கா அவ. இன்னி வரைக்கும் அந்த ஆல்பத்தை அவ தொடல.”

நான் வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். “நீங்களே தேய்ச்சுப் பாருங்கம்மா.” அவர் தேய்த்தார், லேசாக அல்ல, பாத்திரம் தேய்ப்பதுபோல. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் அவர் எடுத்துப் போனது சிவப்புதான். முதலில் வேண்டாம் என்று தள்ளிய அதே மாதுளைச் சிவப்பு.

அவர் போன பிறகு ஈரக் கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருடமாக நான் செய்துவரும் வேலையை வீட்டில் ஒருத்தி காசு கட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. என் மூளை எப்போதும் அடுத்த பஸ்ஸில் வருகிற ரகம்.

மறுநாள் ஏழு மணிக்குச் சொன்னேன். அவள் உடனே முறைத்தாள்.

“நான் இன்னா பொடவையா விக்கிறேன்?”

“இல்லம்மா, வேணாம்னு சொன்னா இன்னொண்ணு எடுத்துப் போடாதே. மொதல்ல மடி. மடிச்சுட்டு இன்னா பயம்னு கேளு.”

“அஞ்சு நிமிஷத்துல மடிச்சுக்கினு இருந்தா மணி அடிச்சுடுவான்.”

“நாலு பொடவைக்கு அரை நிமிஷந்தான் ஆவும். நீ கேட்டுப் பாரேன்.”

அன்றிலிருந்து நான் வாலாஜாபாத் அம்மா. சீட்டில் எந்த வியாதி இருந்தாலும் ஆள் அவர்தான். உதட்டைப் பிதுக்கினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊசியா? நோ. மாத்திரையா? நோ. ஒருமுறை கோபத்தில் ‘ஐ வில் கோ டு அனதர் ஷாப்’ என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்ததில் ஒரு நிமிடம் போயிற்று. ஆனாலும் அன்றுதான் முதல் தடவையாக ஐந்து நிமிடம் நிரம்பியது. குக்கர் ஐந்து விசில் அடித்து, சாதம் குழைந்தது. குழைந்த சாதத்தைத் தின்றுகொண்டே அவள் சொன்னாள்: “நாளைக்கும் இப்டியே அடம் பிடி.” கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் அனுமதி.

தேர்வுக்கு முந்தைய காலையில் வந்த சீட்டில் நான் தனியாக இருக்கும் ஒரு கிழவர். முதியோர் இல்லத்துக்கு மாற மாட்டேன் என்கிறேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதையும் எடுத்து விரிக்கவில்லை. ஆங்கிலத்தில், மெதுவாக, “உங்களை எது ரொம்பக் கவலைப்படுத்துது?” என்று கேட்டாள்.

அதற்குப் பதில் சீட்டிலேயே இருந்தது: கிழவருக்கு ஒரு பூனை, அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை. நான் அதைச் சொல்லவில்லை. என்ன நினைத்தேனோ, “ஹூ வில் ஃபைன்ட் மை ஸ்பெக்ஸ்?” என்றேன். என் கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது. தினமும் அங்கேதான் இருக்கும். தினமும் அவள்தான் கண்டுபிடிப்பாள்.

அவள் உடனே ஆறுதல் சொல்லவில்லை. மூன்று விநாடி சும்மா இருந்தாள். நோயாளி பேசியதும் இடம் விட வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு என்று ஆன்லைன் வகுப்பு ஆசிரியர் சொல்லியிருந்தார். எங்கள் சமையலறையில் மதிப்பெண் போட யாரும் இல்லை. குக்கர் மட்டும் இருந்தது. அது தன் வேலையைப் பார்த்தது.

“தலைமேல பாருபா” என்றாள் தமிழில். பிறகு அடுப்பை அணைத்தாள்.

தேர்வில் வந்த நோயாளி இன்சுலின் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றாராம். இவள் மடித்திருக்கிறாள். முடிவு வந்தபோது நான் கடையில் ஒரு சம்பந்திக் கூட்டத்துக்கு நடுவே இருந்தேன். போனில் அவள் தேர்ச்சி என்று சொல்லவில்லை. “உன்னை டிஸ்சார்ஜ் பண்ணியாச்சுபா” என்றாள். ஆடி முடிய ஆறு நாள் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நான் அப்புறம் எந்தப் புடவையைக் காட்டினேன் என்று நினைவில்லை. வாங்காமல் போனார்கள் என்பது மட்டும் முதலாளிக்கு நினைவிருக்கிறது.

அவள் போய் ஐந்து மாதமாகிறது. பொம்மைக்கு முன்னால் கை கழுவித் தேறிவிட்டாள். வீடு கிடைத்ததும் நானும் போவது என்று ஏற்பாடு. அங்கே என்ன வேலைக்குப் போவாய் என்று கேட்கிறார்கள். நோயாளியாக முன் அனுபவம் உண்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் அவள் வார்டில் ஒரு கிழவி இரண்டு நாளாகச் சாப்பிட மறுத்தாளாம். ‘டிரேயை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன், பத்து நிமிஷத்தில் சூப் குடித்தாள்’ என்றாள். கிழவிக்கு என்ன பயம் என்று கேட்டேன். “அது அவங்க விஷயம், வெளியே சொல்லக்கூடாது” என்றாள். பதவிசு வந்துவிட்டது.

காலையில் இப்போது ஒரு விசிலோடு குக்கரை இறக்கிவிடுகிறேன். ஒரு ஆள் சாதத்துக்கு அது போதும். நேற்றுப் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார்.

“இன்னாபா, இப்பல்லாம் சத்தமே காணோம். ஒடம்பு எப்டி இருக்குது?”

“நல்லாயிடுச்சுக்கா.”

“அர்ச்சனை பண்ணேன் இல்ல” என்றார் அவர். “அது சரி, தலைமேல இன்னாத்துக்குக் கண்ணாடிய மாட்டிக்கினு கையில துழாவுறே?”