எங்கள் கோல்கீப்பரும் திருவொற்றியூர் செயலாளரும் ஒரே மேசையில்

சீசன் முடிந்து மைதானம் காலியாகக் கிடக்கும் இந்த மாதங்களில்தான் எனக்குத் தூக்கமே வராது. யார் எந்த அணிக்குத் தாவுவார்கள் என்று தெரியாது. எங்கள் ராயபுரம் கால்பந்து அணியிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் போய்விட்டார்கள்.

இன்று மதியம் பார்சல் வாங்க பிரியாணிக் கடைக்குப் போனேன். மூலை மேசையில் எங்கள் கோல்கீப்பர் ஸ்டீபன். எதிரே, எங்களோடு எப்போதும் முட்டிக்கொள்ளும் திருவொற்றியூர் அணியின் செயலாளர். தன் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து ஸ்டீபன் தட்டில் வைத்தார்.

நேராகப் போய் நின்றேன்.

"இன்னா ஸ்டீபா, நீயும் போறியா?"

"கத்தாதக்கா. டீம் மேட்டரு இல்ல. அவரு பொண்ண எனக்குப் பேசிக்கினு கீறாங்க."

செயலாளர் சிரித்தார். "குந்தும்மா. அவன் உங்க டீம்லயே ஆடட்டும். எம் பொண்ண நல்லா பாத்துகினா போதும்."

மனசார வாழ்த்திவிட்டு பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. அடுத்த சீசனில் மாமனார் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தால், இந்தப் புது மாப்பிள்ளை பந்து வரும் பக்கம் பாய்வானா?

கல்யாணம் ஆனவர்கள் சொல்லுங்கள்.