கசக்குதா என்று யாரும் தமிழில் கேட்கவில்லை

தேயிலை ஃபேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்போம். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில், தூள் சலிக்கும் அறையில் ஒன்பது பெண்கள் வேலை செய்தோம். மெஷின் ஓடத் தொடங்கினால் எதிரே நிற்பவரின் முகம் தூசியில் மங்கிவிடும். பல வருஷம் துணியைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டோம். பிறகு மாஸ்க் வந்தது. கிண்ணம் போல, இரண்டு பட்டியோடு.

அது முகத்தில் பொருந்துகிறதா என்று பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி வந்தார். மாஸ்க் போட்டவரின் தலையில் பிளாஸ்டிக் கூடு ஒன்றைக் கவிழ்த்து, துளை வழியாகக் கசப்பு மருந்தைப் பீச்சுவார். உள்ளே இருப்பவர் தலையைத் திருப்பி, குனிந்து நிமிர்ந்து, சத்தமாக எண்ண வேண்டும். நாக்கில் கசப்புத் தட்டினால் ஓரத்தில் காற்று நுழைகிறது என்று அர்த்தம். தட்டாவிட்டால் தாளில் சரி போடுவார். இத்தனையையும் அவர் சிங்களத்தில் சொல்லி, செய்ய வேண்டியதை மட்டும் சைகையில் காட்டினார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் தமிழர்தான். பக்கத்திலேயே கைகட்டி நின்றார். ஒரு வார்த்தையைக்கூட எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை.

முதலில் என் பக்கத்து வீட்டு அக்கா. இருமாமல் ஒரு பேச்சை முடிக்க மாட்டார்.

"தித்தத?" என்று அதிகாரி கேட்டார்.

அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே, "நே மாத்தயா, இல்லங்க" என்றார். சரி விழுந்தது. அடுத்தவரும் இல்லை என்றார். எட்டுப் பேரும் அப்படியே.

கடைசியாக நான். மற்றவர்களுக்கு நிஜமாகவே கசக்கவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பத்துவரை எண்ணுவதற்குள் பாகற்காயை மென்றதுபோல் நாக்கு சுருண்டது. தாடைக்கும் மாஸ்க்குக்கும் நடுவே விரலே நுழைந்தது. வட்டவளையில் ஒரு சிங்களவர் கடையில் வேலை செய்தவள் நான். சிங்களத்தில் தித்த என்றால் கசப்பு. கசக்கிறது என்றேன்.

"பட்டிய இறுக்கிப் போடு புள்ள," என்றார் டீமேக்கர்.

இறுக்கினேன். மூக்குத்தண்டு வலித்தது, கசப்பு போகவில்லை. கூட்டைக் கழற்றிவிட்டு அக்காவிடம் கேட்டேன்.

"உங்களுக்குக் கசக்கலயா?"

"கசக்காமயா? கொடலே வெளிய வந்துரும் போல இருந்துச்சு. ஆனா அவரு தித்திக்குதான்னுதானே கேட்டாரு?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டீமேக்கர் பக்கம் திரும்பினேன்.

"ஐயாவுக்கு ரெண்டு பாஷையும் தெரியும். எட்டுப் பேரு தப்பா சொல்றப்ப பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"நாளைக்குத் தூள் வாங்குற வெளிநாட்டு ஆளுங்க இந்தப் பேப்பரயெல்லாம் பாக்க வாறாங்க. எல்லாத்தையும் இழுத்து விடாத."

நடந்ததை அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்து, டீமேக்கரை ஒரு பார்வை பார்த்தார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். கேள்வியை நான் தமிழில் கேட்டேன். ஒன்பது பேரில் ஏழு பேருக்கு அந்த மாஸ்க் சேரவில்லை. பெரிய முகத்துக்குச் செய்தது, சின்ன அளவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போது, என்னைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகச் சொன்னார்கள்.

"மாஸ்க் சேரலன்னு நீதானே சொன்ன? ஒன் நல்லதுக்குத்தான்," என்றார் டீமேக்கர்.

சேராத மற்ற ஆறு பேரும் அதே மாஸ்க்கோடு அதே தூசிக்குள் போக வேண்டுமாம். அவர்களுடைய நல்லதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மழையில், அட்டை ஏறிய காலோடு கொழுந்து பறித்தபோது அந்த மனிதரை வாய்விட்டே திட்டினேன்.

மூன்றாம் நாள் அக்கா மெஷினை விட்டு வெளியே வந்து ஸ்டோர் வாசலில் உட்கார்ந்தார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

"அவளுக்குச் சேராதது எங்களுக்கும் சேராது. சின்ன மாஸ்க் வந்தாத்தான் உள்ள வருவோம்," என்றார் அக்கா, இருமிக்கொண்டே.

அன்று முழுவதும் தூள் சலிக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் சின்ன மாஸ்க் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து அல்ல, தோட்டத்து ஆபீஸ் அலுமாரியிலிருந்து. பெரிய மாஸ்க்கோடு சேர்ந்தே வந்த பெட்டியாம். யாரும் திறந்து பார்க்கவில்லையாம்.

என்னைத் திரும்ப ஸ்டோருக்கு எடுத்தார்கள். "இப்பச் சந்தோஷந்தானே?" என்று டீமேக்கர் சிரித்தார்.

"இல்லங்க ஐயா," என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.