அண்ணையின் வீட்டுச் செருப்பு

மோர்டன் என்ற ஊரில் இருக்கும் என் அண்ணை வீட்டுக்குப் போய் வந்ததும் மோடத்தைப் போட்டு இணையத்தில் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அவ்வளவு எரிச்சல்.

அண்ணைக்கு நீரிழிவு. கால் மரத்துவிட்டதால் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாதென்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுச் செருப்பு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இன்று சமையல் குசினித் தரையில் அவர் நடக்க டிக் டிக் என்று சத்தம் கேட்டது. பார்த்தால், சுவரில் சாமிக் காலண்டரைக் குத்தியிருந்த தட்டைத்தலை ஊசி குதிக்காலில் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவேயில்லை.

பிடுங்கிக் கட்டுப் போட்டபடி கேட்டேன்.

“செருப்பு எங்கை அண்ணை?”

“பாத்ரூம் வாசல்ல கிடக்கு. அங்கை போடுறன்தானே. சாமி இருக்கிற வீடு முழுக்கச் செருப்போட திரியேலுமே?”

கிளினிக்கில் கேட்டால், “ஓம், வீட்டில செருப்புப் போடுறன்” என்பார். அதைப் பொய்யென்று சொல்ல ஏலுமோ, நீங்களே சொல்லுங்கள்.