தலைகீழாகப் பிடித்த அளவுக் கம்பு

பிள்ளைகளா, நீங்கள் யாரும் பிறப்பதற்கு முந்தி நடந்தது இது. பஞ்சாயத்து யூனியன் என்று புதிதாக வந்து, ஊருக்கு ஊர் ரோடு, பாலம், சாக்கடை என்று வேலை குவிந்து கிடந்த காலம். வேலை இருந்தது, அளக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை. திண்டுக்கல்லிலோ பி.ஏ. முடித்துவிட்டு, டீக்கடைப் பேப்பரில் வேலை தேடிக்கொண்டிருந்த பையன்கள் நிறைய. அவர்களில் பத்துப் பேரை எடுத்து மூன்று மாசம் பயிற்சி கொடுத்தார்கள். தேறினால் யூனியனில் உத்தியோகம்.

நான் எட்டாவதோடு நின்றவன். அந்தப் பயிற்சியில் எனக்கு வேலை, கம்பு பிடிப்பது. மட்டம் பார்க்கிற மிஷின் மூன்று காலில் நிற்கும். தூரத்தில் ஒருத்தன் பதினாலடிக் கம்பை நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். கம்பில் கீழேயிருந்து மேலே நம்பர் ஏறிக்கொண்டே போகும். மிஷின் குழாயில் கண் வைத்திருப்பவர் தனக்குத் தெரிகிற நம்பரை எழுதிக்கொள்வார். பள்ளத்தில் கம்பு நின்றால் பெரிய நம்பர், மேட்டில் நின்றால் சின்ன நம்பர். அதை வைத்துத்தான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போடுவார்கள். கம்பு பிடிக்கிறவனுக்குப் பேச்சு கிடையாது. மிஷின்காரர் கையை இடது பக்கம் ஆட்டினால் இடது பக்கம் சாய்க்க வேண்டும், தலைக்கு மேல் தூக்கினால் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும்.

இப்படி இரண்டு வருஷம் தினக்கூலியாகப் பிடித்திருந்தேன். பயிற்சி தொடங்கிய அன்று ஓவர்சீயர் ஐயா, "இது நல்லபடியா முடியட்டும்லே, உன் பேரை நிரந்தரத்துக்கு எழுதுறேன்" என்றார். அப்போதுதான் எனக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் தன் பிறந்த வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். இனி அந்த வேலை கிடைக்காமல் போனால் மாமனார் வீட்டு வாசல் மிதிக்க முடியாது.

பயிற்சிக்கு வந்தவர்களில் பேகம்பூர்க்காரர் ஒருவர் எனக்கு நெருக்கமாகிவிட்டார். சரித்திரம் படித்தவர், என் வயசுதான். நான் "பாய்" என்பேன், அவர் "மாப்ளே" என்பார். வரப்பில் உட்கார வேண்டுமென்றாலும் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார். மிஷினில் எப்படிப் பார்ப்பது என்று ஓவர்சீயர் காட்டிய அன்று அவருடைய அக்காவுக்கு நிக்காஹ். அதனால் வரவில்லை. மறுநாள் யாரிடமும் கேட்கவுமில்லை, மற்ற நாளெல்லாம் நோட்டில் கணக்கு எழுதுகிற வேலையை வாங்கிக்கொண்டு ஒப்பேற்றிவிட்டார். பி.ஏ. படித்தவர் கேட்பாரா?

கடைசி வாரம் பரீட்சை. ஆளுக்கு ஒரு தெரு கொடுத்து, சாக்கடைக்கு மட்டம் பார்த்து முளை அடிக்கச் சொன்னார்கள். மறுநாளே கூலியாட்கள் வந்து வெட்டுவார்கள். பாய்க்கும் எனக்கும் சின்னாளப்பட்டியில் ஒரு நெசவுத் தெரு. சாயத் தண்ணீர் போக வழியில்லாமல் ஒவ்வொரு வாசலிலும் ஒரு நிறத்தில் தேங்கிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரு முழுக்க ஒரே மட்டம்.

பாய் குழாயில் கண் வைத்தார். எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்தார். பிறகு இரண்டு கையையும் சக்கரம் மாதிரி சுற்றிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. ஓடியே வந்தார்.

"மாப்ளே, கம்பைத் தலைகீழாப் பிடி. நம்பர் எல்லாம் தலைகீழாத் தெரியுது."

இரண்டு வருஷத்தில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. பெரிய நம்பர் கீழே வந்தால் கணக்கு எங்கே போகும் என்று மனசு இடித்தது. ஆனாலும், படித்தவர் சொல்கிறார், நமக்கென்ன என்று திருப்பிப் பிடித்துவிட்டேன். தெரு முடிகிற வரைக்கும் அப்படியேதான்.

முளை அடிக்கும்போது, சாயப் பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி கேட்டாள்: "ஏந்தம்பி, தண்ணியை எங்கிட்டுக் கொண்டுபோறீக?"

"மேற்க" என்றேன்.

"மேற்கயா? மழை பெஞ்சா தண்ணி கிழக்க கண்மாய்க்குல்ல ஓடுது?"

"மிஷின் பொய் சொல்லாதுக்கா."

"மிஷின் நம்மூரு மழையைப் பாத்திருக்கா?" என்றாள். தறியில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். வாய் திறந்தால், தெரிந்தே தப்பாகப் பிடித்தவன் என்று என் பேர் போகும். திறக்காவிட்டால் அந்தத் தெருத் தண்ணீர் அத்தனையும் மேற்கே உள்ள வீடுகளுக்குள் போகும். விடிந்ததும் பேகம்பூருக்கு நடந்தேன். வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன். அவர் நோட்டை எடுத்துப் பார்த்தார்.

"மேடு பள்ளமாகி, பள்ளம் மேடாயிருச்சு. அப்பவே சொல்லியிருக்கலாம்ல மாப்ளே?"

"நீங்க பி.ஏ. ஆச்சே பாய்."

"பி.ஏ.வுல கம்பா பிடிச்சாங்க?"

மறுபடி பார்க்க மிஷின் வேண்டும். மிஷின் பெட்டிச் சாவி ஓவர்சீயரிடம். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் போய் நின்றோம். பாய் மறைக்காமல், "நான்தான் சார் திருப்பச் சொன்னேன்" என்றார். ஐயா அவரை ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பேன். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்தேகம் இருந்துச்சுங்கய்யா" என்றேன்.

"வாயை எங்கலே வச்சிருந்த?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சின்னாளப்பட்டிக்கே வந்துவிட்டார். வெட்ட வந்த ஆட்களை நிறுத்தினார். கம்பைப் பாயின் கையில் கொடுத்து, "நீங்க போய்ப் பிடிங்க" என்றார். என்னை மிஷின் பக்கம் இழுத்து, "பார்" என்றார்.

இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்தக் குழாய்க்குள் பார்த்ததில்லை. யாரும் பார்க்கச் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை. கண்ணை வைத்தேன். தெரு வானத்தில் இருந்தது. சாயப் பானை, ஆட்டுக்குட்டி, அந்த அக்கா, எல்லாம் மேலேயிருந்து தொங்கின. நடுவில் பாய், தலை கீழே, செருப்பு மேலே.

"அது அப்படித்தான் காட்டும். கண்ணுதான் பழகணும்" என்றார் ஐயா. "சிரிக்காத, நம்பரைப் படி."

படித்தேன். நான் படித்த நம்பரை அவரே எழுதினார். பதினோரு இடம். கணக்குப் போட்டதில் தண்ணீர் கிழக்கே கண்மாய்க்குப் போனது. அந்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இப்ப மிஷினுக்குப் புத்தி வந்திருச்சா?" என்றாள்.

பாய் தேறினார். ஒட்டன்சத்திரம் பக்கம் உத்தியோகம் கிடைத்துப் போனார். என் பேரை அந்த வருஷம் ஐயா எழுதவில்லை. "சந்தேகம் வந்தா கத்துற ஆளா மாறு, அப்புறம் பாக்கலாம்" என்றார். மாமனார் வீட்டுப் பக்கம் ஒரு வருஷம் போகவில்லை. உங்கள் அம்மா மட்டும் போய் வந்தாள், கேட்டவர்களுக்கு என்ன சொன்னாளோ தெரியாது.

அடுத்த பயிற்சிக்குப் பையன்கள் வந்தபோது முதல் நாளே அவர்களை வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொருவரையும் குழாயில் பார்க்க வைத்து, பிறகு கம்பையும் பிடிக்க வைத்தேன். ஐயா தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாசம்தான் என் பேரை எழுதி அனுப்பினார்.