மணிக்கட்டில் கட்டிய சேலைத் தலைப்பு

வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்தில், எங்கள் துறைமுகத்தில் குண்டு விழுந்த காலையில் ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து ஓடியபோது, சன நெரிசலில் என் மகளின் கை என் கையிலிருந்து நழுவியது. மாலையில்தான் நிலாவெளிப் பாதையில் ஒரு புளியமரத்தடியில் அவளைக் கண்டேன். யாரோ கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, வெறும் கோம்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. அவளுடைய தகப்பன் முன்பே மலேரியாவில் போய்விட்டார். எனக்கு வேறு யாருமில்லை. இப்போதும் குசினியில் ஒரு பாத்திரம் விழுந்தால் என் கை அவளைத்தான் தேடுகிறது.

அன்றிரவு முதல் என் சேலைத் தலைப்பை அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டே படுத்தேன். விளக்கில்லாத ஊரில் மறுபடி ஓட நேர்ந்தால் பிரிந்துவிடக் கூடாது. அவள் கையை நீட்டித் தந்தாள். சற்று நேரத்தில் அவள் மூச்சு ஒரே சீராக வரும். பிள்ளையாவது உறங்குகிறாளே என்று அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

சில வாரங்களில் பள்ளிக்கூடம் திறந்தது. அயல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. பலர் ஊரைவிட்டு வெருகல் பக்கம் போயிருந்தார்கள். நான் படிப்பித்த மேல் வகுப்பில் பதினொரு பேரே மிச்சம். என் மகளும் அதில் ஒருத்தி. வகுப்பில் தூங்குபவர்களை அவர்கள் இருக்கும் வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்துவது என் வழக்கம். ஒருநாள் மகளே மேசையில் கன்னத்தை வைத்து உறங்கிப்போனாள்.

"ரீச்சர், எங்களையெண்டா உடனே ஏத்துவீங்க. இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றான் கடைசி வாங்கில் இருந்த பையன் ஒருவன்.

வகுப்பு சிரித்தது. மகள் திடுக்கிட்டு எழுந்து, நான் சொல்லாமலே வாங்கில் ஏறி நின்றாள்.

"இறங்கு பிள்ளை," என்றேன். பிறகு, வெட்கத்தை மறைக்கத்தான் கேட்டேன்: "நேற்று நல்லா நித்திரை கொண்ட ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

ஒரு கையும் உயரவில்லை.

"வாப்பா பதுங்கு குழிக்குள்ளதான் பாயப் போட்டிருக்காரு ரீச்சர்," என்றான் அதே பையன். "எங்கட ஆடும் எங்களோடதான். அது மட்டும்தான் நல்லா நித்திரை கொள்ளுது."

"நாய் குலைச்சாலும் அம்மா எழுப்பிப்போடுவா," என்றாள் ஒருத்தி.

என் மகள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "நீ நல்லாத்தானே நித்திரை கொள்ளுறாய்? நான் கேட்டுக்கொண்டுதானே கிடக்கிறன்."

"அது சும்மா, அம்மா. திரும்பிப் படுத்தா சேலை இழுபடும், நீங்கள் எழும்பிடுவீங்கள். அதுதான் மூச்சை ஒரே மாதிரி விட்டுக்கொண்டு அசையாமல் கிடக்கிறனான்."

"எத்தினை நாளா?"

"நீங்கள் கட்டின நாளிலயிருந்து."

அன்று நான் கட்டவில்லை. தலைப்பை என் கைக்குள்ளேயே சுருட்டிக்கொண்டேன். அவள் நாலைந்து தரம் புரண்டாள். பிறகு வாயைத் திறந்து, ஒழுங்கில்லாத மூச்சோடு உறங்கினாள். ஒரு முழத் தூரந்தான். அவ்வளவு தனியாக நான் முன்பு கிடந்ததில்லை.

காலையில் நேரமாகியும் அவள் எழும்பவில்லை. தோளைத் தொட்டேன்.

"இன்னும் கொஞ்சம் படுக்கட்டே, அம்மா?"

"படு பிள்ளை."

கதவைச் சாத்திவிட்டுத் தனியே இறங்கினேன். மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன்.

வகுப்பு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே வரவில்லை என்று குறிக்கும்போது துறைமுகப் பக்கம் விமானச் சத்தம் கேட்டது. பேனையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"அது நம்மட பிளேன்தான் ரீச்சர். சத்தத்தில தெரியும்," என்றான் அந்தப் பையன்.

"ஓம்," என்றேன். வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். கை சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. முன்வாங்கில் இரண்டு பேர் தலை கவிழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பெயரைத் தணிந்த குரலில் கூப்பிட்டேன்.