முந்தி வந்த ஒக்டேவ்

இதை வாசித்து நீங்கள் சிரிக்கலாம். வேறு யாரும் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய் பிசாசு என்றால் கேலி செய்கிற ஆள் நான். ஆனால் சென்ற மாதம், பௌர்ணமி விடுமுறையான போயா தினம், பின்னேரம் 4:10க்குத் தொடங்கிய இது ஒவ்வொரு நிமிடமும் எனக்கு நடந்தது.

என் பெயர் ஹரிசன். வெள்ளவத்தையில் மனைவி சாம்பவியுடன் மாடி வீடொன்றில் இருக்கிறேன். கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிப்பது தொழில். பதினொரு வருடம் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றதில் இடது காது கெட்டுப்போனது. உயர்ந்த சத்தம் எதுவும் அதில் விழாது. இது சாம்பவிக்கு மட்டுமே தெரியும். இசைக்குழுத் தலைவர் அலவிக்குத் தெரிந்தால் அடுத்த நாளே என் இடத்தில் வேறு ஆள். அந்தச் சனிக்கிழமை எல்லோருடைய காதையும் சோதிக்கப்போவதாக அவர் சொல்லியிருந்தார்.

மருதானையில் கிட்டாரின் ஒலிபெருக்கியான அம்ப்பைத் திருத்தும் புவாத் ஒரு பழைய பெடல் தந்தான். காலால் மிதிக்கிற பச்சை இரும்புப் பெட்டி. கிட்டார் சத்தத்தை உறும வைக்கும். அந்த உறுமலுக்கு மேலே அதே சுரத்தை ஒரு ஸ்தாயி உயர்த்தியும் தரும். ஒக்டேவ் ஃபஸ் என்பார்கள்.

“மேல் சத்தம் ஊசி மாதிரி ஈக்கும் மச்சான். கொண்டு போய் வாசிச்சுப் பாருங்க.”

அந்த ஊசி என் காதில் விழுகிறதா என்று பார்க்கத்தான் கொண்டு வந்தேன்.

போயா தினம், அக்கம்பக்கம் அமைதி. 4:10க்கு அறைக் கதவைப் பூட்டி, அம்ப்பைக் குறைத்து வைத்தேன். கிட்டார்க் கழுத்தின் கீழ்க் கட்டைகளில் வெறும் உறுமல். இரண்டு தந்திகளை ஒன்றாகத் தட்டினால் அடியில் மூன்றாவதாக ஏதோ முனகியது. டோன் குமிழை முழுக்க மூடி, பன்னிரண்டாம் கட்டைக்கு மேலே ஒற்றைத் தந்தியைத் தட்டி, இடது காதை அம்ப்பின் பக்கம் திருப்பினேன்.

கேட்டது! மெல்லிய, கூரான சத்தம். இரண்டு வருடமாக அந்தக் காதில் விழாத உயரம். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

4:47. ஏதோ சரியில்லை. மேல் சத்தம் நான் தந்தியைத் தட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி வந்தது.

வேண்டுமென்றே விரலை நிறுத்தினேன்.

ஈ.... என்று அது வந்தது. பிறகுதான் என் விரல் அந்தத் தந்திக்குப் போனது. நான் அனுப்பவில்லை.

இடது காதைப் பொத்தினேன். சத்தம் கூடியது.

5:02. கேபிளைப் பிடுங்கினேன். பிடுங்கினால் பெடலுக்குப் பற்றரியிலிருந்து வரும் மின்சாரமும் நின்றுவிடும். அம்ப்பையும் நிறுத்தினேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

ஈ.... நிற்கவில்லை.

5:04. டொக். டொக். டொக்.

“கதவை ஏன் பூட்டினனீங்கள்?”

சாம்பவியின் குரல். ஆனால் ஒரு ஸ்தாயி மேலே. சின்னப் பிள்ளை கதைப்பது போல. இடது காதில் மட்டும்.

நொடிகளை எண்ணினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

டொக். டொக். டொக்.

“கதவை ஏன் பூட்டினனீங்கள்?”

இம்முறை வலது காதில். அவளுடைய சொந்தக் குரலில்.

திறந்தேன். “முதலும் தட்டினனீரோ?”

“இல்லை, இப்பதான் வந்தனான். ஏன் முகம் வெளிறிக் கிடக்கு?”

சனிக்கிழமை அலவி எங்களைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். அவர் ஒரு தந்தியைத் தட்டுவார். சுருதி ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் “இறங்கி இருக்கு” என்றேன்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

“நான் இன்னும் தட்டவே இல்லையே” என்றார் அலவி.

பிறகு தட்டினார். இறங்கித்தான் இருந்தது. வேலை தப்பியது. அன்று முழுக்க யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

பெடலைத் திருப்பிக் கொடுத்தேன். புவாத் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“நான் வாசிச்சுப் பாக்காமத்தான் தந்தேன் மச்சான். இதுல ஒக்டேவுக்குப் போற வயர் இணைச்சே இல்ல. மேல் சத்தம் வர வழியே இல்ல.”

பெடல் போய்விட்டது. காதில் வந்தது போகவில்லை. உயர்ந்த சத்தங்கள் எல்லாம் இடது காதில் முந்தி வந்துவிடுகின்றன. இடைவெளியும் கூடிக்கொண்டே போகிறது. போன வாரம் ஒரு மணி நேரம். நேற்று ஒன்பது மணி நேரம்.

இன்று காலை 9:20க்கு இடது காதில் சாம்பவி அழுதாள்.

“எழும்புங்கோ... ஐயோ, எழும்புங்கோ...”

இப்போது மாலை 6:10. நேற்றைய கணக்குப்படி இன்னும் பத்து நிமிடம். அவள் குசினியில் இடியப்பம் பிழிகிறாள். நான் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பயமாக இருக்கிறது.

காலையில் அந்த அழுகை பாதியில் அறுந்தது. அதற்குப் பிறகு இடது காதில் எதுவுமே வரவில்லை.